கருப்பன் குதிரையும் கடலடிக் கேபிளும்

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒளிபரப்பு முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட ஒரு தொலைக்காட்சித் தொடர் இன்னும் மக்கள் நினைவில் நிற்கிறதென்றால், அதை நிறுத்தி வைத்திருப்பவர் யார்? எழுதியவரா, இயக்கியவரா, ஒளிபரப்பியவரா, பார்த்தவரா?

ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2018ல் ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ. கலை விமர்சனம் எனக்குத் தொழிலல்ல. ஆனால் செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்தைக் கொண்டு இந்த விஷயத்தைப் பார்க்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள்க.

விழுப்புரம் காலனியில்

1990களின் பின்பகுதி. அப்போது நாங்கள் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். 1975 ஆகஸ்ட் 15ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து பல ஆண்டுகள் தூர்தர்ஷன்தான் நமக்குத் தெரிந்த ஒரே சின்னத்திரை. 1993ல் சன் டிவியும் அடுத்த ஆண்டு ராஜ் டிவியும் வந்தபின், மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தெருவெல்லாம் கறுப்பு ஒயர் ஓடியது.

அந்த ஒயர் வழியே வந்ததுதான் 'மர்மதேசம்'. இயக்குநர் சிகரம் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. கதை இந்திரா சௌந்தர்ராஜன். முதலில் வந்த 'ரகசியம்', அடுத்து வந்த 'விடாது கருப்பு' இரண்டையும் இயக்கியவர் நாகா. முன்னதில் ஒரு சிவாலயம், சித்தர்கள், நவபாஷாண லிங்கம். பின்னதில் ஒரு கிராமம். தவறு செய்தவனைக் குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்பும் காவல் தெய்வம் கருப்பு. இரண்டிலும் நம்பிக்கை ஒரு பக்கம், பகுத்தறிவு ஒரு பக்கம் நின்று வழக்காடும். சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்று பின்னர் வேறு கதைகளும் அதே தலைப்பின் கீழ் வந்தன.

வாரம் ஒரு முறைதான் தொடர். அந்த அரைமணி நேரம் காலனியில் ஆள் நடமாட்டம் இருக்காது. மறுநாள் காலையில் குழாயடியில் ஆரம்பிக்கும் பாருங்கள், விவாதம்! கருப்பு யார்? சாமியா, மனிதனா? மனிதன் என்றால் யார்? வீட்டுக்கு வீடு ஒரு குற்றவாளி இருந்தார். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் கதாபாத்திரங்களின் பெயரையெல்லாம் ஒரு பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வாரமும் ஒருவரை அடித்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிக்னல்காரனுக்கு ராத்திரி என்பதே கிடையாது. எங்காவது பாயின்ட் வேலை செய்யவில்லை, ரிலே விழுந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். டார்ச்சையும் டூல் பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். ஆகவே 'விடாது கருப்பு' தொடரில் பாதிக்கு மேல் நான் பார்க்கவில்லை, கேட்டேன். விடியற்காலையில் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது என் மனைவி எதிரில் உட்கார்ந்து, முந்தின நாள் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்லுவாள். குளம்புச் சத்தத்துக்கு மேஜையில் விரலால் தட்டுவாள்.

அதில் ஒரு காட்சி என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. நடுநிசி. கருப்பு குதிரையில் வருகிறார். ஒரு குடிசை வாசலில் குதிரை நிற்கிறது. கண் தெரியாத ஒரு கிழவி, வந்தது யாரென்று தெரியாமல், சொம்பில் தண்ணீர் கொடுக்கிறாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுகிறார். எத்தனையோ இரவுகள் தண்டவாள ஓரத்தில் தனியாக நடக்கும்போது அந்தக் காட்சியை நினைத்துக்கொள்வேன். பயம் போய்விடும்.

இந்தக் காட்சிக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

கடிதமும் ஒலிநாடாவும்

ரசிகர்கள் ஒரு தொடரைக் காப்பாற்றுவது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் 1966ல் தொடங்கியது. பார்வையாளர் போதவில்லை என்று இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்படும் நிலை வந்தது. பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி முன்நின்று, என்.பி.சி. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்படி ரசிகர்களைத் திரட்டினார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாய்ப் போய் விழுந்தன. 1968ல் மூன்றாம் ஆண்டும் தொடரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 1969ல் 79 பகுதிகளோடு நின்றுபோனாலும், மறுஒளிபரப்புகளில் புது ரசிகர்கள் சேர்ந்து, 1979ல் அது திரைப்படமாகவே வந்தது.

பிரிட்டனில் நடந்தது இதைவிட விசேஷம். 1963ல் பி.பி.சி. தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய நாடாக்களை, விலையுயர்ந்த நாடாவை வீணாக்குவானேன் என்றும், வைக்க இடமில்லை என்றும், அந்த நிறுவனமே அழித்துவிட்டது. நூறுக்குச் சற்றுக் குறைவான பகுதிகள் காணாமற் போயின. ஆனால் அத்தனை பகுதிகளின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? அந்த நாளில் சில சிறுவர்களும் இளைஞர்களும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். பின்னாளில் அந்த ஒலியை வைத்துத்தான் காணாமற் போன பகுதிகள் சிலவற்றைக் கார்ட்டூன் படமாக மறுபடி உருவாக்கினார்கள். 1989ல் நின்ற தொடரை 2005ல் மீண்டும் தொடங்கிய ரஸ்ஸல் டி. டேவிஸ், சிறுவயதிலிருந்தே அதன் ரசிகர். நிறுவனம் குப்பை என்று கருதியதை ரசிகன் பொக்கிஷமாக வைத்திருந்தான்.

நம் நாட்டிலும் உண்டு. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' பட்டாபிஷேகத்தோடு முடியப் போகிறது என்றபோது, 1988ல் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகி முனிவர் பாத்திரம் பெரிதாக வரும் உத்தர காண்டமும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதுவும் தொடராக வந்தது.

கப்பலில் வந்த கதை

நிற்க. அந்தமானில் அப்போது என்ன நிலை? அந்நாளில் நான் இங்கில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் இங்கே உத்தியோகம் என்பதால் 2019ல்தான் ஷாதிபூருக்கு வந்தோம். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் தெரியும். 1990களில் அவர் ரங்கத்தில் வேலையில் இருந்தார். அவர் குடியிருந்த பக்கம் கேபிள் டிவி கிடையாது. சென்னையில் இருந்த அவர் மைத்துனர் வீட்டு வி.சி.ஆரில் தொடரைப் பதிவு செய்வார். மூன்று மணி நேரக் கேசட் ஒன்று நிரம்பியதும் கப்பலில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். மூன்று நாள் கடல் பயணம். போர்ட் பிளேரில் இறங்கிய கேசட் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் ஊரைத்தான் சொல்கிறேன்) அங்கிருந்து டிரங்க் ரோடு பஸ்ஸில் ரங்கத் போய்ச் சேரும்.

ஒரு வீட்டில் இருபது பேர் கூடுவார்களாம். "சார், கேசட் வர ஒண்ணரை மாசம் ஆகும். அதுக்குள்ள ஊருக்குப் போய்ட்டு வந்தவன் எவனாவது முடிவைச் சொல்லிட்டா அவன்கூட எவனும் பேச மாட்டான்" என்று சிரித்தார் பெரியவர். விளம்பரங்களையும் விடாமல் பார்ப்பார்களாம். மெட்ராஸில் என்ன சோப்பு புதிதாக வந்திருக்கிறது என்று அதில்தானே தெரியும்!

அந்தக் கேசட்டுகளில் இரண்டு இன்னும் அவர் அலமாரியில் இருக்கின்றன. இந்தத் தீவின் ஈரக்காற்றில் நாடாவெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. ஓடாது. ஆனாலும் எறிய மனம் வரவில்லை என்கிறார்.

கடலுக்கடியில் ஒரு பாதை

நாங்கள் வந்த புதிதில் இங்கே இன்டர்நெட் என்பது பொறுமைக்கு ஒரு பரீட்சை. யூடியூபைத் தட்டினால் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். தீவுகளுக்கு அப்போது செயற்கைக்கோள்தான் வழி. அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ கால் விநாடி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வழியில் ஒரே நேரத்தில் போகக்கூடிய செய்தியின் அளவு குறைவு, வாடகையோ அதிகம் என்பதுதான் பெரிய சங்கடம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரே ரயில் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை – அந்தமான் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியாகச் செய்தி ஓடுகிறது. சென்னைக்கும் இந்த ஊருக்கும் இடையே விநாடிக்கு 200 கிகாபிட் வீதம் இரண்டு தடம். ரங்கத், லாங் ஐலண்ட், சுவராஜ் தீவு, லிட்டில் அண்டமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை கிளைகள். வாழ்நாளெல்லாம் கேபிளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

சில மாதங்களில் அந்த வட்டம் சுற்றுவது நின்றது. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் 'மர்மதேசம்' பகுதிகளை யூடியூபில் ஏற்றி வைத்திருப்பதை மகள் காட்டினாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாக்கி வைத்திருந்த தொடரை 2021ல் ஷாதிபூரில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊர். வெளியே மழை. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படிப்பது தனி அனுபவம். சிறுவயதில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்ததாக ஒருவர், இப்போது பிள்ளைகளோடு பார்ப்பதாக இன்னொருவர். விழுப்புரம் குழாயடி கடல் கடந்து விரிந்துவிட்டதுபோல இருந்தது. அந்தத் தொடர் ஓடியபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். பாலசந்தர் 2014 டிசம்பரில் மறைந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். எத்தனையோ நாவல்கள் எழுதியவர். ஆனால் செய்தி வந்த அன்று பலரும் முதலில் சொன்ன பெயர் 'மர்மதேசம்'தான்.

இன்னொரு பக்கம்

புதிய ஊடகத்தால் எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட முடியுமா? அதற்கும் சமீபத்தில் ஓர் உதாரணம் பார்த்தோம். சன் டிவியில் 2022ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', திருச்செல்வம் இயக்கியது. வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆதி குணசேகரன் என்ற அண்ணனின் கதை. அந்தப் பாத்திரத்தில் மாரிமுத்து நடித்தார். ஏற்கெனவே 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு திரைப்படங்களை இயக்கியவர். கதையை எழுதியவர்கள் நோக்கம், அந்த மனிதனைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டும் என்பதுதான். ஆனால் "ஏய் இந்தாம்மா" என்று அவர் அதட்டுவதைச் சிறுசிறு துண்டாக வெட்டி, கைபேசியில் அனுப்பி, கேலிப் படங்களாக்கி, கடைசியில் அந்த வில்லனையே ஊர் கொண்டாடியது. தொடரே பார்க்காதவர்களுக்கும் அந்த அதட்டல் தெரிந்தது.

2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து மாரடைப்பால் திடீரென்று காலமானார். அன்று காலையும் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். 'குற்றப் பரம்பரை' எழுதியவர், நல்ல நடிகர். ஆனால் நாளும் ஒப்பீடு. பழையவர் போல் இல்லை என்று ஒரே பேச்சு. 2024ல் தொடர் முடிந்து, அந்த ஆண்டு இறுதியில் இரண்டாம் பாகம் தொடங்கியது. தான் உருவாக்காத ஒரு பாத்திரத்தின் மீது ரசிகர்களுக்கு இத்தனை உரிமை எங்கிருந்து வந்தது? அவர்கள் அதைத் தினமும் கையில் வைத்துப் புழங்கியதால் வந்தது. அந்த உரிமையில் அன்பும் உண்டு, அடமும் உண்டு.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். உண்மை. ஆனால் வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தெருவுக்கு இழுத்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. 'விடாது கருப்பு' ரசிகர்கள் நூறு முடிவுகளை ஊகித்தார்கள். ஆசிரியர் தாம் நினைத்த இடத்தில் கொண்டுபோய் முடித்தார். அதனால்தான் இன்றும் அது நிற்கிறது என்பது என் கருத்து. இன்றைய தினசரித் தொடர்களில் சில, வாராவாரம் வரும் பார்வையாளர் கணக்கைப் பார்த்தே கதையைத் திருப்புகின்றன. ஒரு காலத்தில் இறந்தவர் திரும்பி வருவதற்கு மர்மக்கதை வேண்டியிருந்தது. இப்போது ரேட்டிங் போதும்.

பேரனின் கேள்வி

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2021ல் தொடர் பார்த்தபோது பேரன் மூன்றாம் வகுப்பு. நம் தீவுப் பிள்ளைகளைப் பற்றித் தெரியுமே. வீட்டில் தமிழ், படி இறங்கினால் இந்தி. விளையாட்டு, சண்டை, கனவு எல்லாம் இந்தியில்தான். கருப்பு குதிரையில் வந்ததும் என் மடியில் ஏறிக்கொண்டு, "தாத்தா, யே போலீஸ் ஹை க்யா?" என்றான்.

முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், கேள்வியில் தவறில்லை. இரவில் ரோந்து வருகிறார், குற்றவாளியைப் பிடிக்கிறார். போலீஸ்தானே! ஆனால் ஊர் எல்லையில் மீசையும் அரிவாளுமாக நிற்பவரை அவன் பார்த்ததில்லை. அவரிடம் சத்தியம் செய்தால் பொய் சொல்ல முடியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. தொடர் அவன் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பொருள் போய்ச் சேரவில்லை. சிக்னல் விளக்கு எரிகிறது, டிரைவருக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை என்றால் விளக்கு எரிந்து என்ன பயன்?

ஆகவே படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தேன். காவல் தெய்வம் என்றால் என்ன, சாமியாடி யார், குறி கேட்பது எதற்கு என்று. இருபது நிமிடப் பகுதி ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் திணறும் இடத்தில் அவன் பாட்டி புகுந்து நடித்தே காட்டினாள். பத்தாவது பகுதிக்கு வரும்போது அவன் கேள்விகள் தமிழில் வரத் தொடங்கின. தமிழில் கேட்டால்தான் பாட்டி நடித்துக் காட்டுவாள் என்று கண்டுகொண்டுவிட்டான்!

ஒன்று புரிந்தது. கேசட்டோ, கடலடிக் கேபிளோ கதையை வாசல் வரை கொண்டுவரும். வீட்டுக்குள் அழைத்து உட்கார வைக்க ஒரு மனிதர் வேண்டும். ரங்கத்தில் இருபது பேரும் ஒரே பெட்டி முன் உட்கார்ந்தார்கள். இன்று அதே வீட்டில் நாலு பேர் நாலு கைபேசி. யாரும் யாருக்கும் கதை சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. தமிழ்நாட்டில் அதனால் பெரிய நஷ்டம் இல்லாமல் இருக்கலாம். தெருவில் இறங்கினால் தமிழ் இருக்கிறது. நம் தீவில் அப்படியல்ல. நாம் சொல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம், ஒரே திரை. பிள்ளைகளோடு உட்காருங்கள். இடையில் நிறுத்துங்கள். அவர்கள் இந்தியில் கேட்டாலும் தமிழில் பதில் சொல்லுங்கள். பழைய கேசட் யாரிடமாவது இருந்தால், சங்க நாடகமோ கல்யாணமோ எதுவானாலும், பூஞ்சை முழுதாகத் தின்பதற்குள் கணினியில் ஏற்றப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருடைய கேசட்டுகளின் கதி நமக்குப் பாடமாகட்டும்.

அந்தக் காட்சியைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. தொடர் முழுக்கப் பார்த்தேன். குடிசை வாசலும் கிழவியும் சொம்புத் தண்ணீரும் வரவேயில்லை. விட்டுவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன். இல்லை. மனைவியைக் கேட்டேன். "இருந்திச்சே! யூடியூப்ல ஏத்தறப்போ வெட்டியிருப்பாங்க" என்று சாதித்தாள். ஒரு வாரம் போனது. ஒரு நாள் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு ராத்திரி காலனியில கரண்ட் இல்லை. என்ன கதைன்னே எனக்குத் தெரியாது. விடிஞ்சதும் நீங்க வந்து கேப்பீங்க. வெறுங்கையோட எப்படி நிக்கறது?"

அன்றிரவு பேரனுக்கு அந்தப் பகுதியைப் போட்டபோது படத்தை நிறுத்திவிட்டு, கிழவி தண்ணீர் கொடுத்த கதையையும் சேர்த்தே சொன்னேன். மேஜையில் குளம்புச் சத்தம் தட்டியது அவன் பாட்டி. கருப்பு யார் என்ற முடிவை மட்டும் இங்கே எழுதவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் உங்களில் இருக்கலாம். ரங்கத் பெரியவர் என்னோடு பேசாமல் போய்விடுவார்.